ராசனுக்கு வைக்காத தண்ணீர்

“அண்ணாவுக்கு அந்தியேட்டி செய்யுங்கோ, அம்மா.”

அந்த வீட்டில் எதையும் கேட்கலாம். செத்தவருக்குச் செய்கிற இந்தக் கிரியையை மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் நீ என் வயிற்றில் பிறந்தவள் இல்லை என்று தாய் முன்பே சொல்லியிருந்தாள். இருந்தும் பகீரதி கேட்டுவிட்டாள். அதுவும் சோற்றுத் தட்டுகளுக்கு நடுவில். ஆட்கள் நிறைந்திருக்க. அண்ணனின் பிறந்தநாளன்று.

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். அந்த ஜன்னல் திரையையும் இழுத்துவிடுங்கள்.

இது நம் சுலோஜனா அக்காவின் மச்சாள் வீட்டில் நடந்தது. வுப்பர்டாலில், 2006ஆம் ஆண்டு தை மாதம். பின்னேரம் ஐந்து மணிதான்... ஆனால் இங்கே தை மாதத்து ஐந்து மணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கும்மிருட்டு. வெளியே மழை.

மச்சாளின் பெயர் அன்னப்பிள்ளை. அவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். புருஷன் ஊரிலேயே ஷெல் விழுந்து போய்விட்டான். தொண்ணூற்றிரண்டில் ஜெர்மனிக்கு வர இரண்டு பேருக்குத்தான் வழி கிடைத்தது. தாய் சின்னவளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். பெரியவன் ராசனை அம்மப்பாவுடன் விட்டுவிட்டு வந்தாள். ‘அடுத்த வருசம் கூப்பிடுறன்’ என்றாள். அந்த அடுத்த வருசம் இரண்டாயிரத்தில்தான் வந்தது. அதற்குள் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்களின் பாதைகள் மாறிவிட்டன. கொழும்பிலிருந்து மேற்கு ஆபிரிக்கா. அங்கிருந்து லொறியில் சகாராவைக் குறுக்கறுத்து வடக்கே கடல். கடல் தாண்டினால் ஸ்பெயின்.

ராசன் கடைசியாகத் தொலைபேசியில் பேசியது மாலி நாட்டில், பாலைவனம் தொடங்கும் ஊரிலிருந்து. தாய் வேலைக்குப் போயிருந்தாள். பகீரதிதான் எடுத்தாள்.

“நாளைக்கு லொறி வெளிக்கிடுதடி. ஒரு செருப்பு வார் அறுந்துபோச்சு. அம்மாட்டச் சொல்லிப்போடாதை, அழுவா. ஒத்தைச் செருப்போட ஐரோப்பாவுக்கு வந்து இறங்கிறன் பார்.”

சிரித்தான். லைன் அறுந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ராசன் இல்லை. லொறி இல்லை. ஏஜென்சிக்காரனின் நம்பரும் இல்லை.

செருப்புக் கதையை அவள் தாயிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னப்பிள்ளைக்கு மகன் சாகவில்லை. வழியில் நிற்கிறான், அவ்வளவே. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கணவாய்க் கறி காய்ச்சுவாள். ஆட்களைக் கூப்பிடுவாள். மேசையின் தலைப்பக்கம் அவனுக்கு ஒரு தட்டு போடுவாள். சோறு, கறி, பொரியல் எல்லாம் வைப்பாள். தண்ணீர் மட்டும் வைக்க மாட்டாள். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருக்கிறவன் என்றால் வந்த பிறகு வார்த்துக் கொடுக்கலாம். வராதவனுக்கு முதலே தண்ணீர் எடுத்து வைப்பது செத்த வீட்டில்தான். விளக்கைக் கொளுத்தி, பக்கத்தில் செம்பு நிறைய வைப்பார்களே... அது.

சரி. பகீரதிக்கு வருவோம்.

அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் அவள். வாய் கத்தி மாதிரி. வங்கியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய், மூன்று வருடத்தில் முழுச் சம்பளம் வரும் என்று தாய் தலையால் அடித்துக்கொண்டாள். அவள் கேட்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டது, அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் சகாராவைக் கடந்துபோய் எழுதிய பயணப் புத்தகங்கள். அதில் ஆராய்ச்சி. “ஒட்டகம் படிக்கிற பெட்டை” என்று மாமா சோதிலிங்கம் பகிடி பண்ணுவார். ஏன் அதை எடுத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தமையன் காணாமல் போன பாதைக்கு அந்தப் புத்தகங்களில்தான் கிணறு கிணறாக வரைபடம் இருந்தது. அவற்றை விரித்து வைத்து, இந்தக் கிணறு வரை வந்திருப்பான், இதற்கு அங்கால் வந்திருக்க மாட்டான் என்று விரலால் தொட்டுக்கொண்டு இருப்பாள்.

இனிக் கேளுங்கள். அதற்கு முதல் கார்த்திகை. தொங்கு ரயிலால் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போக இரண்டு வழி. பஸ் ஏறிச் சுற்றலாம். இல்லையென்றால் மலையில் ஏறும் கற்படிப் பாதை. இரண்டு பக்கமும் தோட்டத்து மதில். நடுவில் ஒரு விளக்கு. மனித நடமாட்டம் கிடையாது. அன்றைக்கு பஸ் போய்விட்டது. நல்ல மழை. படிகளில் தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள்.

பின்னால் ஒரு சத்தம்.

சரக்... தப்.

சரக்... தப்.

மணலில் செருப்பு தேயும் சத்தம். அடுத்தது வெறுங்கால். மழைக்குள், ஈரக் கல்லில், காய்ந்த மணல் நெரிபடுகிற சத்தம் எப்படி வரும்? நின்றாள். அது நின்றது. டீசல் மணத்தது. வெயிலில் கிடந்த சாக்கு மணத்தது. பெற்றோல் கானில் அடைத்த தண்ணீருக்கு ஒரு மணம் இருக்குமே, அதுவும் வந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

ஒருவரும் இல்லை. படியெல்லாம் நீர் ஓடுகிறது. ஆனால் விளக்கடியில், ஒரே ஒரு படியில், இரண்டு இடம் காய்ந்து கிடந்தது. ஒன்று செருப்பு வடிவம். மற்றது ஐந்து விரலும் தெரிகிற வெறுங்கால். அவற்றின் மேல் விழுந்த துளிகள் தெறிக்கவில்லை. ஓடவில்லை. காணாமல் போயின... கல் குடித்த மாதிரி.

அவள் பார்த்துக்கொண்டு நிற்கவே அடுத்த படியில் ஒரு காய்ந்த அடையாளம் மெல்ல மெல்ல விரிந்தது.

ஓடினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஈரம் தங்கவில்லை. தோசைக்கு ஊறப்போட்ட உளுந்து விடியக் காய்ந்து சலசலத்தது. சாமிப்படத்தடியில் இருந்த தீர்த்தக் கிண்ணம் வறண்டது. பூச்சாடியில் ரோஜாக்கள் காகிதமாயின. “ஹைட்சுங் கூடிப்போச்சு” என்றாள் தாய். பகீரதி வெப்பமூட்டியை எல்லா அறையிலும் நிறுத்தினாள். ஜாக்கெட் போட்டுக்கொண்டு படுத்தார்கள். வாயிலிருந்து புகை வருகிற குளிர். விடிய எழும்பினால் உளுந்து காய்ந்திருந்தது.

“பாத்தீங்களோ?”

“கட்டடம் பழசு. சுவர் இழுக்குது.”

ஒருநாள் பகீரதி தன் கட்டிலடியில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் படுத்தாள். வைத்த கையோடு தாய் கண்டுவிட்டாள். கிளாஸைத் தட்டி ஊற்றிவிட்டு, கையை ஓங்கி ஒரு அறை. இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு.

“உயிரோட இருக்கிறவனுக்குத் தண்ணி வைக்கிறியோ? இனி அந்தியேட்டி செய் எண்டும் கேப்பாய். கேட்டுப்பார். நீ என்ர வயித்தில பிறக்கேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுறன்.”

தரையில் ஊற்றிய தண்ணீரைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு பகீரதி வந்தபோது துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது மறுபடி அந்தப் பிறந்தநாள் மேசைக்கு வாருங்கள். அவள் கேட்டாயிற்று. கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. சுலோஜனா அக்கா எழும்பி மருமகளின் தோளைப் பிடித்தாள்.

“பிள்ளை, இண்டைக்கு வேண்டாமடி. அம்மாவைப் பார்.”

“எண்டைக்கு மாமி? அவன் இன்னும் எத்தினை நாளைக்கு வந்து வந்து போறது?”

“ஆர் வாறது?” என்றார் சோதிலிங்கம். “ஒட்டகம் ஏதும் வந்ததோ?”

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, ஒட்டகக் கதையையே சொல்கிறேன் கேளுங்கள் என்று தொடங்கினாள்.

நூற்று முப்பது வருடத்துக்கு முதல் ஒரு ஜெர்மன் டொக்டர். திரிப்போலியிலிருந்து தெற்கே புறப்பட்டான். திரும்பி வந்து இரண்டு பாகத்தில் தடித்த புத்தகம் போட்டான். அதில் அவனுடைய ஒட்டகங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. நொண்டியது எது, கடித்தது எது, எல்லாம் இருக்கிறது. ஒருநாள் முகாம் கிளம்பிய பிறகு தெர்மாமீட்டரைக் காணவில்லை. பழைய இடத்தில் விட்டுவிட்டார்கள். ஒட்டகக்காரன் ஒருவனைத் திருப்பி அனுப்பினான். அவன் வந்து சேரவில்லை. மறுநாள் தேடிப் போனார்கள். அந்த நாளுக்கு டொக்டர் எழுதியிருப்பது ஒரே வரி: ‘ஒட்டகக்காரர்களில் ஒருவன் தாகத்தால் இறந்தான், கருவி சேதமின்றிக் கிடைத்தது.’

“பேர்?” என்றாள் சுலோஜனா அக்கா.

“பேர் இல்லை மாமி. தெர்மாமீட்டர் செய்த கொம்பனிக்குப் பேர் இருக்கு.”

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தின் வழிகாட்டி, தங்குகிற இடத்திலெல்லாம் முதல் கோப்பைத் தண்ணீரை மணலில் ஊற்றினான். செத்தவன் பின்னால் வருகிறான், அவனுக்குத் தண்ணீர் விடாய் என்றான். டொக்டர் தடுத்தான். வீண்செலவு, மூடநம்பிக்கை என்று எழுதினான். அன்றிலிருந்து தண்ணீர்த் தோல்பைகள் விடிய விடியக் கனம் குறைந்தன. கீழே மணலில் ஈரம் கிடையாது. பையில் ஓட்டை கிடையாது. காவல் போட்டான். காவல்காரன் கண்ணெதிரே பை சுருங்கியது. அதற்கு டொக்டர் என்ன செய்தான் தெரியுமா? ஆவியாதல் என்று தலைப்புப் போட்டு, காற்றின் வறட்சிக்குக் கணக்குப் போட்டு, ஒரு அட்டவணை அச்சடித்தான்.

“நீங்கள் ஹைட்சுங் எண்டுறீங்கள்” என்றாள் தாயைப் பார்த்து. “அவர் ஆவியாதல் எண்டார்.”

பிறகு ஒருநாள் வழிகாட்டி ஒரு தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பாதையால் தனியாகத் திரும்பி நடந்தான். செத்தவன் கிடந்த பக்கமாக. டொக்டர் கத்தினான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ‘என் தண்ணீரைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான்’ என்று புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து பைகள் சுருங்கவில்லை. காற்று திசை மாறிவிட்டதாம்.

வெளியே மழை விடவில்லை.

சோதிலிங்கம்தான் முதலில் வாயைத் திறந்தார். “மாகிஸ்ரர் பட்டம் படிச்சுப் பேய்க்கதை சொல்லுறாய். உதுக்கோ இவ்வளவு நாளும்...”

முடிக்கவில்லை.

சிர்ர்... என்று ஒரு சத்தம். சூடான சட்டியில் கடைசிச் சொட்டு வற்றுகிற சத்தம். மேசையின் தலைப்பக்கமிருந்து.

எல்லோரும் பார்த்தார்கள். ராசனின் தட்டு. சோற்றைச் சுற்றி நின்ற கணவாய்க் குழம்பு விளிம்பிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு போனது. மினுமினுப்பு மங்கியது. பிறகு வெடித்தது... கோடைக் குளத்து அடி மாதிரி, சின்னச் சின்னப் பாளமாக. சோற்றில் ஒரு பருக்கை அசையவில்லை. கணவாய்த் துண்டுகள் வைத்தபடியே இருந்தன. ஈரத்தை மட்டும் காணவில்லை.

டீசல் மணத்தது.

சுலோஜனா அக்கா இன்றைக்கும் சொல்லுவாள், தன் வாய்க்குள் எச்சில்கூட அப்போது வற்றிப்போனது என்று.

“பாருங்கோ அம்மா” என்றாள் பகீரதி. “அஞ்சு வருசமாச் சோறு போடுறீங்கள். அவனுக்குப் பசியில்லை அம்மா. விடாய். விடாயோட வாற பிள்ளைக்குச் சோத்தைக் காட்டிக் காட்டித் திருப்பி அனுப்புறீங்கள். அது அண்ணா இல்லையெண்டு இப்ப சொல்லுங்கோ.”

அன்னப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. கத்தவில்லை. சேலைத் தலைப்பால் தட்டின் விளிம்பை, ஒரு சின்னப் பிள்ளையின் வாயைத் துடைப்பது போலத் துடைத்தாள்.

“அவன்தான்” என்றாள். “எனக்குத் தெரியாதோ? ஒத்தைச் செருப்போட வாறான். மற்றதை எங்கை விட்டானோ... கல்லுப் படியெல்லாம் வெறுங்காலோட ஏறி வாறான்.”

பகீரதி தாயின் பக்கம் திரும்பினாள். அந்தச் செருப்புக் கதை அவளுக்கும் ராசனுக்கும் மட்டும் தெரிந்தது.

“எப்ப தொடக்கம் அம்மா?”

“நீ கண்ட நாளுக்கு எவ்வளவோ முன்னம்.”

“தெரிஞ்சுகொண்டோ? தெரிஞ்சுகொண்டோ தண்ணி குடுக்காமல் வைச்சிருந்தனீங்கள்?”

அப்போதுதான் தாய் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பற்றிச் சுலோஜனா அக்காவால் சொல்லவே ஏலாது. சொல்ல வெளிக்கிட்டாலே எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள்.

“குடிச்சா... போயிடுவானடி” என்றாள் அன்னப்பிள்ளை. “விடாய் தீந்தா அவனுக்கு இஞ்சை என்ன வேலை? ஒருக்கா விட்டிட்டு வந்திட்டன். ரெண்டாந்தரமும் நானே போ எண்டு சொல்லுறதோ? விடாயோடயாவது வரட்டும். வந்தாக் காணும் எனக்கு.”

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. தாயைத் திட்டுவதற்குத்தான் பகீரதி இவ்வளவு நாளும் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றுகூட இப்போது வாய்க்கு வரவில்லை. விமானத்தில் ஜன்னலோரம் தன்னை இருத்திக் கொண்டுவந்த கை அது. மற்றவனின் கையை விட்ட கையும் அதுதான்.

எழும்பினாள். குசினிக்குப் போய்ச் செம்பை எடுத்தாள். குழாயைத் திறந்தாள். செம்பு நிரம்பும் சத்தம் மேசைவரை கேட்டது.

“என்ன செய்யப் போறாய்?” என்றார் சோதிலிங்கம். “பெம்பிளைப்பிள்ளை தண்ணி வாக்கிற வழக்கமோ எங்கடயில? ஐயரைக் கேட்டு, ஒரு ஆம்பிளைப்பிள்ளையைக் கொண்டு...”

“வீட்டில ஆம்பிளைப்பிள்ளை அவன் ஒருத்தன்தான் மாமா. அவனையே வந்து தனக்கு வாக்கச் சொல்லட்டோ?”



“இந்த மழைக்குள்ள எங்கையடி போறாய்?” சுலோஜனா அக்கா.

“கீழை. அவனைக் கண்ட இடத்துக்கு. வீட்டுக்குள்ள குடுத்தா இவ திரும்பத் திரும்பக் கூப்பிடுவா. அவனும் வருவான். அவனுக்கு இவ சொல்லைத் தட்டத் தெரியாது.”

சப்பாத்தைக் காலில் மாட்டினாள். மழைச் சட்டை போட்டாள். கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள். தாய் வந்து மறிப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பகீரதியும்தான். மறித்தால் தள்ளிவிட்டுப் போவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

தாய் எழும்பவில்லை.

“பிள்ளை...”

பகீரதி திரும்பவில்லை.

“குழாய்த் தண்ணியோ பிடிச்சனீ?”

“ஓம்.”

“அவனுக்குப் பச்சைத்தண்ணி ஒத்துவராது. தொண்டை கட்டும். கேத்திலுக்குள்ள கொதிச்சாறின தண்ணி இருக்கு. அதை விட்டுக்கொண்டு போ.”

பகீரதி திரும்பிக் குசினிக்குப் போனாள். கேத்தில் அடுப்பின் பின்பக்கம் இருந்தது. அதன் மூடி, மூக்கு எல்லாவற்றையும் பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு நைந்துபோயிருந்தது. ஒவ்வொரு நாளும் அவிழ்த்து, ஒவ்வொரு நாளும் கட்டிய முடிச்சு. அவிழ்த்தாள். உள்ளே தண்ணீர் நிறைய இருந்தது. தெளிவாக, அறைச் சூட்டில், அவனுக்கு ஏற்ற பதத்தில். குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதைச் செம்பில் வார்த்தாள். தாயின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

கதவைத் திறந்தாள்.

வெளியே கால்துடைக்கும் பாய் மழையில் ஊறி, மிதித்தால் நீர் கக்குகிற நிலையில் கிடந்தது. அதன் நடுவில் இரண்டு இடம் மட்டும் காய்ந்திருந்தது. ஒன்று செருப்பு. ஒன்று வெறுங்கால். விரல்கள் வீட்டுப் பக்கம் பார்த்தபடி... எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

“வா” என்றாள்.

கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது. கற்படிப் பாதையில் இறங்கத் தொடங்கினாள். பக்கத்தில் சரக்... தப். சரக்... தப். விளக்கடி வருவதற்குள்ளேயே கையிலிருந்த செம்பு கனம் குறையத் தொடங்கியது. முதலில் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். காதோரத்தில் யாரோ மிடறு மிடறாக விழுங்குவது கேட்டது. அவள் நிற்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. வெறுங்காலில் வருபவனுக்காக நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.